டப்பாவில் போன ஜோடி

சுலபா காக்குவின் வீட்டுக் கதவுக்கு முன்னால் காலில் செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். கதவில் ஒரு பலகை. மராத்தியில் முத்து முத்தாக எழுதிச் சட்டம் போட்டு மாட்டியது.

“மதியம் ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்க வேண்டாம். தீப்பிடித்திருந்தால் முதலில் அணைத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் வந்து சொல்லவும்.”

புனேக்காரர்களின் இந்த மாதிரிப் பலகைகளைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது என் வழக்கம். இந்தப் பலகையையும் கோயமுத்தூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்றைத் தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன.

கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள், என் வீட்டுக்காரரின் இரண்டு மீன்கள் இருந்தன. மறுநாள் காலை அவை ஒரு போட்டியில் நிற்க வேண்டியவை. அவற்றை அந்த டப்பாவில் போட்டுக் கொடுத்தவள் நான். விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

அழைப்பு மணிக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. ஆனாலும் அழுத்தத் துணிச்சல் வரவில்லை.

ஓகேவும் என்ஜியும்

இந்தத் தொடரில் வீட்டுக்காரரை அளவுக்கு மீறிக் கிண்டல் செய்கிறேன் என்று ஒரு புகார் வந்திருக்கிறது. புகார் கொடுத்தவர் அவரேதான் என்பதால் அதைத் தள்ளுபடி செய்துவிட்டு மேலே போகிறேன்.

கந்தசாமி, புனேக்கு வெளியே சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். ஒரு பாகம் கைக்கு வரும். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ‘ஓகே’, இல்லையென்றால் ‘என்ஜி’. தேறாது என்பதற்கு அவர்கள் பாஷை அது. இப்படியே பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. என் தோசையின் ஓரத்தை அவர் பார்க்கிற பார்வையில் எனக்கே சில நாள் வேர்த்துவிடும்.

இப்படிப்பட்ட ஆளின் கையில் கப்பி மீன் கிடைத்தால் என்ன ஆகும்?

எங்கள் பெண் யாழினி சின்னவளாக இருந்தபோது, புனேயின் ஔந்தில் ஒரு கடையில் அடம்பிடித்து வாங்கிய நாலு மீன்களில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஆண் மீன் அரை விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் உடம்பைவிடப் பெரிய வால், அதில் இல்லாத நிறமில்லை. பெண் மீன் பாவம், நிறம் மங்கல், எந்நேரமும் பிள்ளைத்தாய்ச்சி. பெற்ற குட்டிகளைத் தாயே பிடித்துத் தின்னும். அதனால் குட்டிகளைப் பிரித்து வைக்க ஒரு சின்னத் தொட்டி வந்தது. பிறகு ஆணைத் தனியாக வைக்க ஒன்று, பெண்ணைத் தனியாக வைக்க ஒன்று. கூடத்தில் நாலடித் தொட்டி ஒன்றும் வந்தது. அதில் கப்பிகளோடு நியான் டெட்ராக்கள், தரையைத் துழாவும் மீசை மீன்கள், கண்ணாடி மாதிரி உடம்புள்ள இறால்கள், கூப்பிடாமலே வந்து குடியேறிய நத்தைகள் எல்லாம் ஒற்றுமையாக இருந்தன. எங்கள் அபார்ட்மென்டைவிட அங்கே சண்டை குறைவு.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு ராத்திரி வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று குளியலறை பக்கெட்டுகளை எல்லாம் மீன்களே எடுத்துக்கொண்டன. நாங்கள் சொம்பில் குளித்தோம். சமையல் மேடையில் ஒரு பக்கம் இட்லி மாவு பொங்கும். பக்கத்தில் கவிழ்த்து வைத்த சோடா பாட்டிலில், குட்டிகளுக்குத் தீனியாகும் பொடி இறால் முட்டைகள் உப்புத் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் எதில் கரண்டியை விடுவேன் என்று எனக்கே பயம்.

அந்த வருடம் அவருக்கு ஒரு ஜோடி அமைந்தது. ஆண் மீனின் உடம்பில் பின்பாதி கருநீலம், வால் ஒரே சிவப்பு. விரித்தால் ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது. பல தலைமுறைக் குட்டிகளில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த ஜோடி. புனேயில் கப்பிப் போட்டி நடக்கிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டார்.

எனக்கு அது ஒரு பொழுதுபோக்காகத்தான் பட்டது, போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும். அன்று சாயங்காலம் அவர் தன் வெளிர்நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மீனுக்கு எதற்குச் சட்டை, பெண் பார்க்கவா போகிறீர்கள் என்று கேட்டேன்.

“இல்ல அம்மணி, ஒருவேள பேரக் கூப்பிட்டாங்கன்னா மேடைக்குப் போகோணுமல்ல” என்றார். சொல்லிவிட்டு, சொன்னதற்கே கூச்சப்பட்டு, காலரை மறுபடி தேய்த்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொழிற்சாலை ஆண்டுவிழா வரைக்கும், எத்தனையோ கூட்டங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் நன்றாகக் கைதட்டுவார். அவருக்கும் அப்படி ஒரு ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்தப் போட்டி முக்கியமாகிவிட்டது.

காலி டப்பா

சனிக்கிழமை காலை, ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவர் இரண்டு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாக்களைச் சமையல் மேடையில் வைத்தார். ஒன்றில் போட்டி ஜோடி. பயணத்துக்கு முன் ஒரு நாள் பட்டினி போட வேண்டுமாம். இன்னொன்றில் அவர் கழித்துக்கட்டிய ஒரு ஜோடி. முதல் டப்பாவின் மூடியில் ‘ஓகே’ என்று ஸ்டிக்கர், இரண்டாவதன் மூடியில் ‘என்ஜி’. தொழிற்சாலையில் பாகங்களுக்கு ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்.

என்ஜி ஜோடி சுலபா காக்குவுக்கு. காக்கு என்றால் மராத்தியில் சித்தி. அக்கம்பக்கத்துப் பெரிய பெண்கள் எல்லோரும் காக்குதான். எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாகத்தான் இருக்கிறார், ஆனால் அதை அவர் கவனித்த மாதிரியே தெரியாது. பால்கனியில் பெரிய மண்தொட்டி வைத்துத் தாமரை வளர்க்கிறார். அதில் கொசுப்புழு வருகிறது, தின்பதற்கு இரண்டு மீன் தா என்று கேட்டிருந்தார்.

பதினோரு மணி வாக்கில் சப்பாத்தி தேய்க்கத் தட்டுத் தேடியபோது, மீன்களுக்குக் காற்று வரட்டுமே என்று இரண்டு மூடிகளையும் திறந்து வைத்தேன். அப்புறம் கறிவேப்பிலை தாளிக்கையில் எண்ணெய் தெறிக்குமே என்று மூடினேன். எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று யோசிக்கவே இல்லை. ஸ்டிக்கரை மூடியில் ஒட்டுகிற மனிதருக்கு, மூடி என்பது திறக்கிற பொருள் என்று தோன்றியிருக்க வேண்டாமா?

பன்னிரண்டரைக்குக் காக்குவின் டப்பா நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் முன்பு அதில் பூரண் போளி வந்திருந்தது. நெய் மணக்க மணக்கத் தின்று தீர்த்துவிட்டோம். வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கோயமுத்தூரிலும் அப்படித்தான், புனேயிலும் அப்படித்தான். ஒன்றுமில்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட வேண்டும். எனக்கு அன்று ஆபீஸில் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வெளியிடுகிற நாள், வேலை வீட்டிலிருந்தே. காதில் ஹெட்போன், அதில் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். முறுக்கு தீர்ந்துபோயிருந்தது. சரி, மீனையே டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பட்டது.

சோப்புப் போடாமல் டப்பாவைக் கழுவி, ‘என்ஜி’ மூடியைத் திறந்து, தண்ணீரோடு ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காக்கு மூடியைத் திறந்து பார்த்து, என் வாழ்நாளில் இப்படி ஒரு பலகாரம் வந்ததில்லை என்று சிரித்தார். அப்புறம் கொட்டாவி விட்டார். கதவு மூடியது.

வீட்டுக்கு வந்து, மீட்டிங் முடிந்து, மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஆண் மீனின் வாலில் ஒரு இழை நீண்டு தொங்கியது. பெண்ணின் முதுகு லேசாக வளைந்திருந்தது. அவர் எனக்கு எத்தனையோ தடவை காட்டி, நானும் தெரிகிறது தெரிகிறது என்று பொய்க்குத் தலையாட்டிய அதே குறைகள். முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே தெரிந்தன.

அப்பா சுப் ஆயிடும்

மணி அடிக்கத் துணிவில்லாமல் மேலே ஓடிவந்து யாழினியிடம் சொன்னேன். அவள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வாடகை வீடு மாதிரி, எந்தச் சுவிட்ச் எங்கே என்று தடவித் தடவித்தான் பேசுவாள். அப்பாவுக்கு ரொம்பக் கோபம் வருமா என்று அவளிடம் கேட்டேன்.

“கோவம் வராது அம்மா. அப்பா சுப் ஆயிடும்” என்றாள்.

சுப் என்றால் இந்தியில் மௌனம். அவள் சொன்னது சரிதான். கோபித்துக்கொண்டால் நானும் பதிலுக்கு மூடியைப் பற்றி இரண்டு கேட்பேன். அந்த மனுஷர் ஒன்றும் சொல்லாமல் நீலச் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

எங்கள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் காக்குவின் தாமரைத் தொட்டி தெரியும். பக்கத்திலேயே எவர்சில்வர் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. அப்படியானால் மீன்கள் தொட்டிக்குள் போய்விட்டன. பச்சைத் தண்ணீர், இலை, நடுவில் ஒரு மொட்டு. மீன் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காக்கை வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தது.

கைதட்டினேன். அது என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தது. யாழினி கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பைப் பிடுங்கி வீசினாள். காக்கை பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்தது. மறுபடி கிளிப். எதிர் பிளாக்கில் துணி எடுக்க வந்த ஒருவர், தாயும் மகளும் பட்டப்பகலில் பக்கத்து வீட்டுக்குள் கிளிப் எறிவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தோம். இவ்வளவு கவலையிலும் எப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. நான்கு மணிக்குள் கொடியில் ஒரு கிளிப்கூட மிஞ்சவில்லை, துணியெல்லாம் கீழே கிடந்தது.

நான்கு மணி

நான்கு மணிக்கு நான் மறுபடி காக்குவின் வாசலில் போய் நின்றபோது, கதவு திறக்கும் சத்தமும் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கந்தசாமி, காக்கு வீட்டு வாசலில் வெறுங்காலோடு நின்ற என்னை லிஃப்டின் கம்பிக்கதவு வழியாகப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவிட்டார். என்ன நடந்தது என்று அவர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான் பேசுமுன்னே என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கும்.

காக்கு பளிச்சென்று முகம் கழுவி, எங்களை உள்ளே கூப்பிட்டு, இன்றைக்கு முதலில் மீன் வந்தது, அப்புறம் கிளிப் மழை பெய்தது என்று கைநிறையக் கிளிப்புகளைக் காட்டினார். நாங்கள் மூவரும் பால்கனிக்குப் போனோம். சாய்ந்த வெயில் தொட்டிக்குள் விழுந்திருந்தது. இலைகளுக்கு நடுவே கொஞ்சம் திறந்த தண்ணீர். அங்கே அந்த ஆண் மீன் முழு வாலையும் விரித்து, பெண் மீனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

கந்தசாமி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஜோடி இங்கே சௌக்கியமாக இருக்கும் என்று காக்குவிடம் இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமல் தமிழில் சொன்னார்:

“குடுத்தாச்சல்ல அம்மணி. விட்டுரு.”

அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. யாழினி சொன்ன சுப். பாத்திரத்தில் போட்டுக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷர் குனிந்து நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மூடி, ஸ்டிக்கர், போட்டி, நீலச் சட்டை எல்லாவற்றையும் மூன்று பாஷையில் கலந்து காக்குவிடம் கொட்டிவிட்டேன். மேடை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கந்தசாமிக்குக் காது சிவந்துபோனது.

காக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீனைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். காக்கு பேசியது மராத்தி. ஆனால் என் மனதில் அது எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் பதியும். அப்படியே எழுதுகிறேன்.

“என் டப்பாவுல வந்தது என்னுதுதான் சாமி. திருப்பியெல்லாம் குடுக்க மாட்டேன்” என்றார். கிளிப்புகளை எடுத்து என் கையில் வைத்தார். “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்போணும்னு மட்டும் சொல்லு. என் மீனு போட்டிக்குப் போகுது, நான் போகாம இருப்பனா?”

பேர் ஒருத்தருது

அன்று சாயங்காலம் கந்தசாமி கிண்ணத்தோடு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலைத்தண்டின் முள்ளில் வால் படாமல், இரண்டையும் பொறுமையாகத் தண்ணீரோடு மொண்டார். ஓரம் கிழியவில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். பட்டினி கிடக்க வேண்டிய ஜோடி வயிறு முட்டக் கொசுப்புழு தின்றிருந்தது.

ஞாயிறு காலை காக்கு பைட்டணிப் பட்டுப் புடவை கட்டி, பிளாஸ்க்கில் டீயோடு காரில் ஏறினார். மண்டபத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. உரிமையாளர் என்று காக்குவின் பெயரைப் போட வேண்டும் எனக் கந்தசாமி போய்ச் சொன்னபோது அங்கிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். காக்கு ஒரு நாற்காலியைப் பிடித்து எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் தட்டிய ஒருவரிடம், உங்கள் வீட்டுக் கதவை நான் வந்து இப்படித் தட்டினால் மதியம் தூங்குவீர்களா என்று கேட்டார். அதற்கப்புறம் அந்த வரிசைப் பக்கமே யாரும் கைநீட்டவில்லை.

நடுவர்கள் வந்தபோது ஆண் மீன் குறை வைக்காமல் வாலை விரித்தது. பெண் மீன் மட்டும், முந்தின நாள் விருந்தை நூல் நூலாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் பரிசு வந்ததற்கு அதுதான் காரணம் என்று இவர் இன்றுவரை சொல்லி வருகிறார்.

ஆமாம், இரண்டாம் பரிசு. ஒலிபெருக்கியில் சுலபா காக்குவின் பெயரைக் கூப்பிட்டார்கள். காக்கு எழுந்து இவர் கையைப் பிடித்தார். இவர் வரமாட்டேன் என்று பின்வாங்க, கணக்கு டீச்சர் பிடித்த பிடியை விடவில்லை. மேடையில் மைக்கை வாங்கிச் சொன்னார்:

“பேருதான் என்னுது. வளத்த கை இவரோடது. தட்டறவங்க இவருக்குத் தட்டுங்க.”

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. யாழினி விசிலடித்தாள். இவர் கோப்பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் திருதிருவென்று நின்றார். பிறகு பழக்க தோஷத்தில், கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நீலச் சட்டை நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் மணி ஒன்றானதும் காக்கு காரிலேயே தூங்கிவிட்டார். நாங்கள் மூவரும் வீடு வரைக்கும் கிசுகிசுவென்றே பேசிக்கொண்டு வந்தோம்.

ஒரு மணிக்குள்

கோப்பை காக்குவின் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேடையில் எடுத்த போட்டோ எங்கள் கூடத்தில். ஜோடி தாமரைத் தொட்டிக்கே போனது. அவரே கொண்டுபோய் விட்டார்.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில், காக்கு வீட்டு டப்பா மேலே வந்தது. கனமாக இருந்தது. நான் போளி என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே தண்ணீர். தண்ணீரில் கண்ணிமை மயிர் மாதிரி குட்டிகள், எண்ண முடியாத அளவு. தாமரை வேர்களுக்குள் ஒளிந்து, தாய் வாயிலிருந்து தப்பியவை.

கந்தசாமி அவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைந்த முதுகு எது, தேறாதது எது என்று அவர் சொல்லக் காத்திருந்தேன். அவரோ மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, கிண்ணத்தின் மேல் ஒட்டினார். ஓகே. இந்தத் தடவை மூடியில் ஒட்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு டப்பாவைச் சோப்புப் போடாமல் கழுவி எடுத்து வந்து, இதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று கேட்டார். சர்க்கரை இருக்கிறது, முறுக்குகூட இருக்கிறது என்றேன். அவர் காதில் வாங்காமல் கூடத்துத் தொட்டிக்குப் போனார். ஒரு மீனைக்கூட யாருக்கும் மனசாரக் கொடுத்தறியாதவர், வலையை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே நல்ல ஜோடி ஒன்றைப் பிடித்து டப்பாவில் விட்டார். அடுத்த வருடப் போட்டிக்கென்று வைத்திருந்த ஜோடி அது. எனக்கே இப்போது அடையாளம் தெரியும்.

“ஏனுங்க, இது ஓகே ஜோடிங்க” என்றேன்.

“தெரியுமே” என்றார். “பின்ன காலி டப்பாவக் குடுக்கறதா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. ஓடுங்க என்றேன். லிஃப்டுக்குக் காத்திராமல், டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அவர் படியில் இறங்கி ஓடினார்.